ராபர்ட்சன்பேட்டையில் ஒரு முனுசாமி

கோலார் தங்கவயலின் பெரிய கடைவீதி ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரால் உண்டான பேட்டை அது. கொஞ்சம் தள்ளி ஆண்டர்சன்பேட்டை. ராபர்ட் மகன், ஆண்ட்ரூ மகன் என்பதைத் தவிர இந்தப் பெயர்களில் வேறு ரகசியம் இல்லை. எப்போதோ ராபர்ட் என்ற ஒருவருக்குப் பிறந்த பையனை ஊரார் ராபர்ட் மகன் என்று கூப்பிட்டார்கள். அவனுக்குப் பிறந்தவனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது; அவன் பேரனுக்கும் அப்படியே. பல நூற்றாண்டு கழித்து, அந்தப் பெயரோடு ஒரு ராபர்ட்சன் மைசூர் ராஜ்யத்துக்கு வந்து ஒரு பேட்டைக்கே பெயராகிவிட்டார்.

அதே பேட்டையில் ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர். பெயர் முனுசாமி, தகப்பனார் சின்னசாமி; ஆக, சி. முனுசாமி. அவர் மகன் மு. ஏழுமலை. ஏழுமலையின் மகன் ஏ. குமார். குமார் கையெழுத்துப் போடும்போது சின்னசாமி என்ற மனிதர் தாளில் எங்குமே இல்லை. அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் ராபர்ட்சன்களுக்கும் நமக்கும் பொதுவானதுதான். அவர்களுடையது ஓரிடத்தில் உறைந்தது. நம்முடையது தலைமுறைக்கு ஒரு முறை நகர்ந்துகொண்டே இருக்கிறது. மனிதர் இடம்பெயர்ந்த வரலாற்றைப் பெயர்களை வைத்துத் தேடும் அறிவியல் பெரும்பாலும் உறைந்த பெயர்களை நம்பி உருவானது. நகரும் பெயர்களிடம் அது என்ன செய்கிறது என்று பார்க்கத் தங்கவயலைப் போல வசதியான ஊர் இல்லை. இரண்டு வகைப் பெயர்க்காரர்களும் ஒரே ஷாஃப்ட்டில், ஒரே கூண்டில் கீழே இறங்கிய ஊர் இது.

ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு மெல்லப் பரவி, 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் நிலைபெற்றவை. அப்பா பெயர், தொழில், பட்டப்பெயர், ஊர்ப்பெயர் என்று நான்கு ஊற்றுகள். நான்குக்கும் தங்கவயலிலேயே உதாரணம் கிடைக்கும். 1880இல் இங்கே காலூன்றிய லண்டன் நிறுவனம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். டெய்லர் என்றால் தையல்காரர், வேறொன்றுமில்லை. பணம் கரைந்து, பங்குதாரர்கள் நம்பிக்கை இழந்திருந்த நேரத்தில், 1883இல் மைசூர் சுரங்கத்தில் சாம்பியன் தங்கப்படுகையைக் கண்டுபிடித்தவர் பிளம்மர். அந்தப் பெயர் ஈயவேலை செய்தவர்களிடமிருந்து வந்தது. சாம்பியன் ரீஃபின் கிஃபோர்டு ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டால், கிஃபோர்டு என்பது பழைய பிரெஞ்சில் கன்னம் உப்பியவருக்கு வைத்த கேலிப்பெயர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில் இறங்கியவர்கள் ஒரு குண்டுக் கன்னக்காரரின் பெயரைச் சொல்லித்தான் இறங்கினார்கள்.

ஏமாற்றும் பெயர்களும் உண்டு. இந்தத் தங்கவேட்டையைத் தொடங்கிவைத்த மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் இருந்துவிட்டு பெங்களூரில் ஒதுங்கிய சிப்பாய். 1871இல் கோலார்ப் பக்கம் வந்து பார்த்தார். 1875இல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். பெங்களூரின் லாவெல் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. லாவெல் என்று கேட்டால் பிரெஞ்சுக்காரர் என்று தோன்றும். உண்மையில் அது அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஓ மேல்ஃபாவில் என்பது போல ஒலித்த கேலிக் பெயர். ஆங்கிலேயக் குமாஸ்தாக்களின் காதில் விழுந்து லாவெல் ஆயிற்று. நடுவிலுள்ள ஃபிட்ஸ்ஜெரால்ட்தான் பிரெஞ்சு: ஃபிட்ஸ் என்றால் மகன், ஜெரால்டின் மகன். பெயரின் ஓசையை மட்டும் நம்பி ஊரைக் கண்டுபிடிக்கப் போகிறவர்கள் லாவெலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் வகையான ஊர்ப்பெயரில்தான் தங்கவயலின் உண்மையான இடப்பெயர்வுக் கதை இருக்கிறது. இங்கே மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்காரச் சுரங்கக்காரர்களில் கணிசமானோர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலைச் சேர்ந்தவர்கள். பிளம்மரை ஏன் காப்டன் பிளம்மர் என்றார்கள் என்பதற்குக்கூட அங்கேதான் விடை. கார்ன்வாலில் சுரங்கத்தை நடத்துபவருக்கு அந்தப் பட்டம். ராணுவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கார்ன்வாலுக்கு ஆங்கிலத்தோடு நெருங்கிய உறவில்லாத, வெல்ஷ் மொழிக்குத் தங்கையான சொந்த மொழி இருந்தது. குடும்பப் பெயர்கள் அந்த மொழியில்தான் உறைந்தன. ட்ரெ என்று தொடங்கினால் குடியிருப்பு, பட்டி. பென் என்றால் தலை, முனை. பொல் என்றால் குட்டை. ட்ரெவிதிக், பெங்கெல்லி, பொல்கிங்ஹார்ன் என்று வரும் பெயர்களெல்லாம் முதலில் ஆட்களின் பெயர்களே அல்ல, பண்ணைகளின் பெயர்கள். செனொவெத் என்றால் புது வீடு. நம் ஊரில் புதுவீட்டுக்காரர் என்று ஒரு குடும்பத்தை அழைப்பது போலத்தான். இந்த மூன்று முன்னொட்டுகளையும் வைத்துக் கார்ன்வால்காரனை அடையாளம் காணலாம் என்ற பேச்சு 1602இல் ரிச்சர்ட் கேரியூ எழுதிய நூலிலேயே பதிவாகியிருக்கிறது.

கார்ன்வாலின் மேற்குக் கோடியில் இந்தப் பெயர்கள் மற்ற இடங்களைவிடத் தாமதமாகவே உறைந்தன. பதினாறாம் நூற்றாண்டில்கூட அங்கே ஒருவர் பண்ணை மாறிக் குடிபோனால் பெயரும் மாறும். அப்பா பெயரைச் சேர்த்துச் சொன்னால் அது மகனோடு நகரும். அதாவது, சி. முனுசாமியின் முறையேதான். ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டார். ஒருமுறை ஏட்டில் ஏறிய பெயரை அடுத்த முறை குருவானவர் பார்த்து எழுதுவார். பெயர்கள் அப்படித்தான் அசையாமல் நின்றன. பெயரை உறைய வைத்ததில் ரத்த பாசத்தைவிட எழுத்தருக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

1866இல் செம்பு விலை சரிந்தது. அடுத்த பத்தாண்டில் ஆஸ்திரேலியாவும் மலாயாவும் மலிவான வெள்ளீயத்தைக் கொண்டுவந்து கொட்டின. கார்ன்வாலின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கடினப் பாறையில் ஆழமாக இறங்குவது, வெடி வைப்பது, நீர் இறைப்பது. உலகத்தில் எங்கே பாறைக்குள் உலோகம் இருந்ததோ அங்கெல்லாம் அந்த வித்தைக்குச் சம்பளம் இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் மூன்டா, கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலி, தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க், மெக்சிகோவின் ரியல் டெல் மோன்டே என்று பரவினார்கள். இதில் மெக்சிகோ நமக்கு முக்கியம். இந்தச் சரிவுக்கு வெகு முன்பே, 1824 வாக்கில், அங்கே வெள்ளிச் சுரங்கத்தைத் தூக்கி நிறுத்தக் கார்ன்வால்காரர்களைக் கப்பலேற்றியவர் முதலாம் ஜான் டெய்லர். அரை நூற்றாண்டு கழித்து அதே குடும்ப நிறுவனம் அதே வகை ஆட்களைக் கோலாருக்கு அனுப்பியது. ட்ரெ, பென் பெயர்கள் உலக வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் விதத்தைப் பார்த்தால், அதன் பின்னால் ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகமும் இருக்கிறது.

இப்படிச் சிதறிய பெயரிலிருந்து பழைய ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? முதலில் முறையாக முயன்றவர் ஹென்றி கப்பி என்ற மருத்துவர். 1890இல் பிரிட்டனின் குடும்பப் பெயர்கள் எந்தெந்த மாவட்டத்தில் குவிந்திருக்கின்றன என்று புத்தகம் போட்டார். அவருடைய தந்திரம் எளியது. ஊரைவிட்டு எளிதில் நகராதவர்கள் விவசாயிகள். ஆகவே விவசாயிகளின் பெயர்களை மட்டும் எண்ணினார். 2015இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதே யோசனையில்தான் தொடங்கியது. தாத்தா பாட்டி நால்வரும் 80 கிலோமீட்டருக்குள் பிறந்த 2,039 கிராமத்தவர்களின் மரபணுக்களை எடுத்துப் பார்த்தார்கள். 17 குழுக்கள் பிரிந்தன. கார்ன்வால் ஒரு குழு, பக்கத்து டெவன் இன்னொரு குழு. இரண்டுக்கும் நடுவே கோடு விழுந்த இடம் ஏறக்குறைய மாவட்ட எல்லையேதான். பெயர்களில் தெரிந்த பிரிவு உடம்பிலும் இருந்தது.

இன்னும் நுணுக்கமான சோதனை ஒன்று உண்டு. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். ஆங்கிலக் குடும்பப் பெயரும் அதே பாதையில் போகிறது. அப்படியானால் ஒரே பெயர்க்காரர்களுக்கு ஒரே ஒய் இருக்க வேண்டுமே? பிரையன் சைக்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் தன் பெயரிலேயே சோதித்தார். 2000இல் வெளியான முடிவு: உறவு தெரியாத 48 சைக்ஸ்களில் 21 பேருக்கு ஒரே ஒய். மற்றவர்கள்? தத்துப் பிள்ளை, அம்மா வழியில் வந்த பெயர், வெளியே சொல்லாத சங்கதிகள் எல்லாம் அதில் அடக்கம். இத்தனைக்கும் சைக்ஸின் மதிப்பீட்டில் தலைமுறைக்கு ஏறத்தாழ 1.3 சதவீதக் குழப்பம் இருந்தாலே போதும், எழுநூறு ஆண்டில் இவ்வளவு கலந்துவிடும். பின்னர் 2009இல் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களைச் சோதித்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. அரிய பெயர்க்காரர்கள் பெரும்பாலும் பங்காளிகள். ஸ்மித் போன்ற பெயர்க்காரர்களுக்குள் உறவு ஏதும் தென்படவில்லை. கொல்லர் ஊருக்கு ஒருவர் இருந்ததால் ஸ்மித் ஆயிரம் இடங்களில் பிறந்தது. ட்ரெவிதிக் போன்ற பண்ணைப் பெயர்கள் ஓரிரு இடங்களில்தான் பிறந்திருக்க முடியும்.

பெயர் பிறப்பதைவிடச் சாவது எளிது. இதைக் கணக்காகப் போட்டவர் ஃபிரான்சிஸ் கால்டன். இங்கிலாந்தின் பழைய பெரிய குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று 1873இல் ஒரு கல்வி இதழில் புதிராகக் கேட்டார். ஹென்றி வாட்சன் என்ற கணிதம் தெரிந்த பாதிரியார் விடை அனுப்பினார். அடுத்த ஆண்டு இருவரும் கட்டுரையாக்கினார்கள். கணக்கின் சாரம் இதுதான். நூறு ஆண்கள், ஆளுக்கொரு பெயர். சராசரியாக ஆளுக்கு ஒரு மகன் பிறக்கிறான், ஆனால் யாருக்கு எத்தனை என்பது தற்செயல். முதல் தலைமுறையிலேயே ஏறக்குறைய 37 பேருக்கு மகன் இருக்கமாட்டான். 37 பெயர் போயிற்று. இரண்டாம் தலைமுறையில் 53. பத்தாம் தலைமுறையில் 84. யாரும் அகாலமாகச் சாகவில்லை, பஞ்சமில்லை, போரில்லை, மக்கள்தொகையும் குறையவில்லை. வெறும் தற்செயலே நூற்றில் 84 பெயரை விழுங்கிவிட்டது. வாட்சன் இதிலிருந்து ஒரு படி மேலே போய், எவ்வளவு பிள்ளை பிறந்தாலும் கடைசியில் எல்லாப் பெயரும் அழிந்தே தீரும் என்று முடித்தார். அது தவறு. சராசரி மகன்களின் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டினால் சில பெயர்கள் நிலைத்துவிடும் என்று 1930இல் டென்மார்க்கின் ஸ்டெஃபன்சன் தெளிவாக நிறுவினார். அந்த 1930க்குத் தங்கவயலிலும் வேலை இருக்கிறது, வருகிறேன்.

கோலாரில் கார்ன்வால் பெயர்கள் அருகிப்போனதற்குக் கால்டன் கணக்கு தேவையில்லை. வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பினார்கள், அல்லது இன்னொரு சுரங்கத்துக்குப் போனார்கள். சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்தபின் மிச்சமிருந்தவர்களும் கிளம்பினார்கள். தங்கியவர்களில் ஆங்கிலோ இந்தியர்கள் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 366(2) பிரிவு அவர்களை வரையறுக்கும் விதம் ஒரு மரபியலாளர் எழுதியது போலவே இருக்கும்: அப்பாவோ அப்பா வழியில் எந்த ஆண் முன்னோரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும். சட்டமும் குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் ஒரே கோட்டில் நடக்கின்றன. அம்மா வழி மைட்டோகாண்ட்ரியா மரபணு அவர்களில் பலருக்கு இந்த மண்ணுடையது. அதைச் சுமந்துவந்த பெண்களின் பிறந்தவீட்டுப் பெயருக்குச் சட்டத்தில் இடமில்லை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். குடும்பப் பெயர் அதில் ஒரே ஒருவரைத்தான் காட்டும். வம்சாவளி தேடுகிறவர்கள் இதை மறந்துவிட்டு, அந்த ஒருவரின் பண்ணையைப் பார்க்க விமானம் ஏறுகிறார்கள்.

முனுசாமியிடம் இந்த அறிவியல் வந்து நிற்கும்போது திணறுகிறது. 1875இல் சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். திருமண அறிவிப்புகளில் மணமகனும் மணமகளும் ஒரே குடும்பப் பெயர் கொண்ட ஜோடிகளை எண்ணி, சமூகத்தில் நெருங்கிய உறவுத் திருமணம் எவ்வளவு என்று மதிப்பிடலாம். அவருடைய பெற்றோரே அத்தை மகனும் மாமன் மகளும்தான். ஆனால் அவர்கள் ஒருவர் டார்வின், மற்றவர் வெட்ஜ்வுட், எனவே அந்தக் கணக்கில் நேரடியாக அகப்படமாட்டார்கள். இதைத் தங்கவயலின் தொழிலாளர் லைன் வீடுகளில் போட்டுப் பார்ப்போம். நமக்கெல்லாம் குடும்பப் பெயர் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாமன் மகளுக்கு மாமனின் பெயர், அத்தை மகளுக்கு அத்தை புருஷன் பெயர். கட்டிக்கொள்கிற முறைப்பெண்களுக்குப் பெரும்பாலும் வேறு பெயராகவே இருக்கும். ஒரே பெயர் வரக்கூடிய சித்தப்பா பெரியப்பா மகளோ பங்காளி வீட்டுப் பெண், தங்கை முறை, கட்டவே கூடாது. ஆக, உறவுக்குள் திருமணம் சர்வசாதாரணமாக நடக்கும் ஒரு சமூகத்தைப் பார்த்து ஜார்ஜ் டார்வினின் முறை இங்கே உறவுத் திருமணமே இல்லை என்று சொல்லியிருக்கும்.

சுரங்க நிர்வாகத்துக்கும் இதே போன்ற சங்கடம். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலோர் ஆதிதிராவிடர். முனுசாமிகளும் ஏழுமலைகளும் லைனுக்குப் பலர். ஓரிடத்தில் வேலையிழந்தவர் வேறு பெயர் சொல்லி இன்னொரு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தால் எப்படித் தெரியும்? பெயரால் பிடிக்க முடியாத ஆளை உடம்பால் பிடிக்கும் வழி இந்தியாவிலேயே உருவாகியிருந்தது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதித்துக்கொண்டார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் வந்தது. அஜிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு காவல்துறை அலுவலர்கள் அதன் வகைப்பாட்டுக்கு உழைத்தார்கள், பெருமை அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. இரண்டுக்கும் நடுவே, 1892இல், விரல்ரேகை பற்றி முதல் பெரிய விஞ்ஞான நூலை எழுதியவர் யாரென்றால், நம் கால்டன்தான். மறையும் பெயர்களைப் பற்றிக் கணக்குப் போட்ட அதே மனிதர்.

1930இல் தங்கவயல் கம்பெனிகள் ஒரு பதிவு அலுவலகம் திறந்து எல்லாத் தொழிலாளரும் ரேகை கொடுக்க வேண்டும் என்றன. குற்றவாளிகளிடமும் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களிடமும் ரேகை வாங்கப்பட்ட நாடு இது. அந்த வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள் என்று தொழிலாளர்களுக்கு உடனே புரிந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். வாரக்கணக்கில் சுரங்கங்கள் முடங்கின. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை விட்டு வளர்ந்திருந்த ஊரில், அவமதிப்பை அவமதிப்பு என்று பெயர் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

கார்ன்வாலிலிருந்து வந்த ஒருவருடைய கொள்ளுப்பேத்தி இன்று தேட விரும்பினால் வழி திறந்திருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அங்கிருந்து கார்ன்வால் தேவாலய ஏடு, அங்கிருந்து பண்ணை. முனுசாமியின் கொள்ளுப்பேத்திக்குப் பெயர் உதவாது. குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் அது உதவும். கம்பெனிப் பதிவேடு கிடைத்தால் அதிலுள்ள தாலுகா உதவும்.

கடல் கடந்த முனுசாமிகளின் கதை வேறு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேர்ந்த முதல் கப்பலின் பெயர் ட்ரூரோ. அது கார்ன்வாலின் ஒரு நகரத்துப் பெயர் என்பது தற்செயல், ஆனால் ரசிக்கத்தக்க தற்செயல். டர்பன் அடங்கிய நேட்டாலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் என்று கட்டம் போட்டு எழுதினார்கள். அடுத்த தலைமுறையில் அரசாங்கத் தாள்கள் குடும்பப் பெயர் கேட்டன. பலர் முதலில் இறங்கியவரின் பெயரையே கொடுத்தார்கள். 1538இல் கார்ன்வாலில் தொடங்கியது அங்கே ஓரிரு தலைமுறையில் நடந்து முடிந்தது. முன்சாமி, மூன்சாமி, முனிசாமி என்று குமாஸ்தாவின் காதுக்கேற்பப் பல எழுத்துக்கூட்டல்கள். எழுத்து வேறுபட்டதால் இவர்கள் வேறு குடும்பமும் இல்லை, எழுத்து ஒத்ததால் ஒரே குடும்பமும் இல்லை. நேட்டாலில் இரண்டு முன்சாமிகளின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டால் அநேகமாக ஸ்மித்துகளின் முடிவுதான் வரும். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று அறிய விரும்புகிறவர் எச்சில் குப்பியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் முன், கொள்ளுத்தாத்தாவின் எண்ணைத் தேடிப்பிடித்து, கப்பல் பட்டியலில் கிராமம் என்ற கட்டத்தைப் பார்த்துவிடலாம்.